அட்டையில் இல்லாத பயிற்சி

கில்லன் பாரே என்ற நோய் வந்து, பிழைத்து, எழுந்து நடமாடுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் அதிகம் பேர் இல்லை. அதனால் யாருக்காவது அது வந்துவிட்டால் அவர்களுடைய வீட்டார் விசாரித்துக்கொண்டு அம்பிட்டியவிலுள்ள எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். என்னை நடந்து காட்டச் சொல்கிறார்கள். நானும் தடியை ஊன்றிக்கொண்டு விறாந்தையில் இரண்டு தரம் போய் வருவேன். அவர்கள் முகத்தில் கொஞ்சம் உயிர் வரும். பிறகு கதிரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்வேன், ஒன்றைத் தவிர.

இதை எழுதுவது அந்த ஒன்றுக்காகத்தான். ஆனால் இருபத்தாறு வருடம் கணிதம் படிப்பித்தவள் நான். செய்கை வழியைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதும் பிள்ளைக்கு நான் ஒருநாளும் புள்ளி போட்டதில்லை. ஆகவே முதலிலிருந்தே எழுதுகிறேன்.

ஒரு வாரம் வயிற்றோட்டம் இருந்தது. அது நின்று பத்து நாளில் பாதங்கள் மரத்துப்போயின. பள்ளிக்கூடப் படியில் ஒரு செருப்பு கழன்றுபோனதை நான் அறியவில்லை. பின்னால் வந்த பிள்ளை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள். மூன்றாம் நாள் ஆசிரியர் அறையில் கதிரையை விட்டு எழும்ப முடியவில்லை. நான்கு பேர் சேர்ந்து கதிரையோடு தூக்கி வான் வண்டியில் ஏற்றினார்கள். எனக்குப் பயத்தைவிட வெட்கம்தான் அதிகம் இருந்தது.

ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே ஓர் இளம் டொக்டர் முழங்காலுக்குக் கீழே சிறு சுத்தியலால் தட்டினார். எல்லாருக்கும் துள்ளும் கால் எனக்குச் சும்மா கிடந்தது. முதுகுத் தண்டில் ஊசி ஏற்றி நீர் எடுத்தார்கள். ஊசியைவிட அது முடிந்து தலையை உயர்த்தாமல் கிடந்த நேரம்தான் கொடுமை. பிறகு நரம்பில் சிறிதளவு மின்சாரம் விட்டு, அது எவ்வளவு வேகமாய் ஓடுகிறது என்று பார்த்தார்கள். ஓடவில்லை, தவழ்ந்தது.

டொக்டர் சிங்களத்தில் ஆறுதலாக விளக்கினார். நரம்பு என்பது வயர் மாதிரி. அதன்மேல் ஓர் உறை உண்டு. வயிற்றுக்குள் வந்த கிருமியோடு சண்டை போட்ட உடம்பின் காவற்காரர்கள், சண்டை முடிந்த பிறகும் ஓயாமல், அந்த உறையையும் எதிரி என்று நினைத்து அடித்துத் தின்கிறார்கள். விளங்கியதா என்று கேட்டார். இந்த நாட்டில் இருந்துகொண்டு அது விளங்காமல் போகுமா என்று நினைத்துக்கொண்டு, விளங்கியது என்றேன்.

நோய் காலிலிருந்து மேலே ஏறும். எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நெஞ்சுக்கு ஏறினால் மூச்சு நின்றுவிடும். அதைக் கண்டுபிடிக்க அவர்களிடம் ஓர் எளிய வழி இருந்தது: ஒரே மூச்சில் எண்ணச் சொல்வார்கள். முதல் நாள் முப்பத்தொன்று வரை எண்ணினேன். அடுத்த நாள் இருபத்திரண்டு. அதற்கு அடுத்த நாள் பதினைந்து. வாழ்நாள் முழுக்க எண்களோடு புழங்கிய எனக்கு அப்போதுதான் ஓர் எண்ணைக் கண்டு பயம் வந்தது. பதின்மூன்றில் இரண்டு நாள் நின்றது. பிறகு பதினாறு. என் தம்பி குகன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். வங்கியில் வேலை செய்பவன், நாற்பத்திரண்டு வயது. அவன் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவன் மனைவி வசந்தி தினமும் இரண்டு பஸ் மாறி வந்தாள். இடியப்பத்தைச் சொதியில் நனைத்து ஊட்டுவாள். தலையை வாரிப் பின்னிவிட்டு, "மச்சாள், இண்டைக்கு முகம் தெளிஞ்சிருக்கு" என்பாள். அது பொய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அடுத்த நாள் அவள் அதைச் சொல்ல மறந்தால் மனம் இடிந்துபோகும்.

உயிருக்கு ஆபத்தில்லை என்று ஆனதும் காத்திருத்தல் தொடங்கியது. உறை மெல்ல வளரும், அதற்குள் தசைகள் வற்றிப்போகாமலும் மூட்டுகள் இறுகிப்போகாமலும் பார்க்க வேண்டும் என்றார்கள். அது இயன்மருத்துவருடைய வேலை. பிசியோதெரபி என்றால் எல்லாருக்கும் விளங்கும். ஆஸ்பத்திரி முழுவதற்கும் அவர் ஒருவர்தான். மெலிந்த சிங்களப் பெண், எல்லாரும் மிஸ் என்போம். எங்கள் வாட்டுக்கு அவர் வந்தால் எலும்பு முறிந்தவர்களின் வாட்டு காத்திருக்கும். கட்டிலுக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஒரு புதுப் பதவியைப் பரீட்சார்த்தமாகக் கொண்டுவந்தார்கள். மூன்று பெண்களைத் தெரிந்தெடுத்து, ஆறு மாதம் பயிற்சி கொடுத்து, மிஸ்ஸுக்குக் கீழே விட்டார்கள். அவர்களில் ஒருத்திதான் புஷ்பராணி. ஹேவாஹெட்ட பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள், இருபத்தேழு வயது, சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்தவள். தமிழும் சிங்களமும் ஒரே வேகத்தில் பேசுவாள். நல்ல உயரம், நல்ல கைப்பலம். முதல் நாளே என் காலைத் தூக்கி மடக்கி நீட்டியபடி, "வலிச்சா சொல்லுங்க டீச்சர், வெட்கப்படாதீங்க" என்றாள்.

எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு மஞ்சள் அட்டை இருந்தது. அது கட்டிலின் கால்மாட்டில் தொங்கும். நோயாளியைப் பார்த்துவிட்டு மிஸ் அதில் எழுதிக் கையெழுத்து வைப்பார். கணுக்காலை இத்தனை தரம், விரல்களை இத்தனை தரம், நெஞ்சை நிமிர்த்தி மூச்சு இத்தனை தரம். எழுதியதைப் புஷ்பராணி செய்யலாம். எழுதாததைச் செய்யக்கூடாது. காலையும் மாலையும் அவள் என்னோடு முக்கால் மணி நேரம் இருப்பாள். நான் சலித்தாலும் விடமாட்டாள். கை விரல்களைத்தான் அதிகம் படுத்தினாள்; ரப்பர்ப் பந்தைப் பிசைய வைத்து, பிறகு பொத்தான் பூட்ட வைத்து, கடைசியில் பென்சில் பிடிக்க வைத்தாள்.

வாட்டில் அவளை என்னவென்று வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. தாதிமார் தங்களுடைய வேலையைப் பறிக்க வந்தவள் என்று பார்த்தார்கள். கூட்டித் துடைக்கும் சிற்றூழியர் தங்களைவிட மேலே போய்விட்டாள் என்று பார்த்தார்கள். புது உடுப்பு தைத்து வரவில்லை என்று சிற்றூழியருடைய உடுப்பையே கொடுத்திருந்ததால், கட்டிலுக்குக் கட்டில் மலசலப் பாத்திரம் எடுக்கவும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். அவளும் எடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து என் காலைப் பிடிப்பாள். மற்றவர்களைச் சொல்லி என்ன? நானும் "பிள்ளை" என்றுதான் கூப்பிட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து படிப்பித்த எங்களுக்குத் தோட்டத்துப் பிள்ளைகளை அதிகாரமாய்க் கூப்பிட்டுப் பழக்கம். அன்பாய்த்தான் கூப்பிடுகிறோம் என்று வேறு நினைத்துக்கொள்வோம்.

ஆறாவது கிழமை நகரத்தில் குண்டு வெடித்தது. சத்தம் எங்களுக்கும் கேட்டது. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஊரடங்கு போட்டார்கள். மிஸ் வரவில்லை. வசந்தி வரவில்லை. ஹேவாஹெட்டவுக்குப் பஸ் ஓடாததால் புஷ்பராணி ஆஸ்பத்திரியிலேயே தங்கினாள். குகனைப் பொலிஸ் கூட்டிக்கொண்டுபோய் ஒரு பகல் முழுக்க விசாரித்துவிட்டு வெளியில் விட்டதாக டொக்டரின் தொலைபேசிக்குச் செய்தி வந்தது. பக்கத்துக் கட்டில் அம்மா, என்னிடம் அன்பாய் இருந்த சிங்கள அம்மா, டவுனில் ஆட்கள் கூடுகிறார்களாம் என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்குப் பதினைந்து வருடங்களுக்கு முன், ஆடிக் கலவரத்தில் தமிழர் வீடுகளைத் தேடிக் கொளுத்தியபோது, நான் இந்தக் கால்களால் ஓடித்தான் பிழைத்தேன். பின் வளவால் இறங்கி, வேலியால் பாய்ந்து, ஒரு சிங்களக் குடும்பத்தின் விறகுக் கொட்டிலில் இரண்டு நாள் இருந்தேன். வீடு எரிந்தது. அதன் பிறகு எந்த இடத்துக்குப் போனாலும் வெளியேறும் வழியை முதலில் பார்த்து வைப்பேன். இந்த வாட்டில் வழி இருந்தது, கால் இல்லை. ஆட்கள் வந்தால் எல்லாரும் ஓடுவார்கள், நான் மட்டும் தலையணையில் சாய்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வேறு எதுவும் என் மனதில் ஓடவில்லை.

ஊரடங்கின் மூன்றாம் நாள் காலை. புஷ்பராணி வந்து அட்டையைப் பார்த்தாள். அதே பழைய கையெழுத்து. முழங்காலை நானே அரைவாசி மடக்க முடிந்தது. அது போதும் என்று நினைத்தேன்.

"என்னை எழுப்பி நிக்க வையும்," என்றேன்.

"கார்டுல இல்லையே டீச்சர். மிஸ் வந்து பாத்துட்டு எழுதட்டும்."

"மிஸ் எப்ப வாறா எண்டு ஆருக்குத் தெரியும்? அட்டை நடக்காது. நான்தான் நடக்க வேணும்."

அவள் அட்டையை இன்னொரு தரம் பார்த்தாள். நான் வகுப்பில் பேசும் குரலை எடுத்தேன். நாற்பது பிள்ளைகளை ஒரே சொல்லில் உட்கார வைக்கும் குரல் அது. நான் சொல்கிறேன், நான் பார்த்துக்கொள்கிறேன், ஏதும் வந்தால் நான் பொறுப்பு என்றேன். கடைசிச் சொல்லை இரண்டு தரம் சொன்னேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த பெண்ணுக்கு டீச்சர் இரண்டாம் தரம் சொன்ன பிறகு மறுத்துப் பழக்கமில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

என்னைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தாள். தன் முழங்காலால் என் முழங்காலுக்கு முட்டுக் கொடுத்து, அக்குளுக்குக் கீழே பிடித்துத் தூக்கினாள். நின்றேன். ஆறு கிழமைக்குப் பிறகு யன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்தேன். மழை இறங்கிக்கொண்டிருந்தது. நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மலை கறுத்துப்போயிற்று.

அட்டையில் அது இல்லாததற்குக் காரணம் இருந்தது. இந்த நோய் இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் நரம்புகளையும் தின்னும். நீண்ட நாள் படுத்தவர் திடீரென்று எழுந்தால் இரத்தம் காலுக்கு இறங்கி மயக்கம் வரும். மிஸ் என்றால் படுத்திருக்கும்போதும் உட்கார்ந்திருக்கும்போதும் அழுத்தத்தை அளந்து, பல நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தித்தான் நிறுத்தியிருப்பார். புஷ்பராணிக்கு அதை யாரும் படிப்பிக்கவில்லை. படிப்பிக்காத காரணத்தால்தான் அந்த அட்டையே வைத்திருந்தார்கள். நான் முழுப் பாரத்தோடும் அவள்மேல் விழுந்தேன். என் தலை நிலத்தில் அடிபடாமல் தன் கையைக் கீழே வைத்துவிட்டாள். ஆனால் என் இடது கணுக்கால் மடங்கி இரண்டு இடத்தில் முறிந்தது.

ஊரடங்கு எடுத்த அடுத்த நாள் குகன் வந்தான். அந்தச் சில நாளில் முகம் இருண்டுபோயிருந்தது. பொலிஸில் என்ன நடந்தது என்று அவன் சொல்லவில்லை, இன்றுவரை சொன்னதில்லை. நான் விழுந்தது பற்றி ஆஸ்பத்திரியில் விசாரணை வைக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தான். கட்டிலோரம் குனிந்து மெதுவாகப் பேசினான்.

"அக்கா, நீங்கள்தான் கேட்டனீங்கள் எண்டு சொல்லாதேங்கோ. ஊரடங்கு நேரம் ரெண்டு தமிழாக்கள் சேர்ந்து ஆஸ்பத்திரியில சட்டத்தை மீறிச்சினம் எண்டு கதை போகும். நான் இனி ஒருக்கால் பொலிஸில போய் இருக்கேலாது."

 அவனுக்காகத்தான் விசாரணையில் அப்படி நடந்துகொண்டேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. ஒரு தோட்டத்துப் பெண்ணிடம் தலைமை ஆசிரியை போல உத்தரவிட்டு விழுந்தேன் என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூன்று பேர் வந்தார்கள். நிர்வாகத்திலிருந்து ஓர் அதிகாரி, தாதிமாருக்குத் தலைவியான மேற்றன், எழுதுவதற்கு ஒரு கிளாக்கர். சிங்களத்தில் கேட்டார்கள். உங்களைத் தூக்கியது அந்தப் பெண்ணா? ஆம். அட்டையில் அப்படி எழுதியிருந்ததா? இல்லை. மேற்றன் நல்ல மனுசி. அவர்தான் மூன்றாவது கேள்வியைக் கேட்டார். நீங்களாக அவளிடம் கேட்டீர்களா? புஷ்பராணி கதவடியில் நின்றாள். கையில் கட்டுப் போட்டிருந்தது. என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குகன் குறுக்கே வந்து, அக்காவுக்கு மயக்கம் வந்தது, ஒன்றும் நினைவில்லை என்றான். மேற்றன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நினைவில்லை," என்றேன்.

கிளாக்கர் அதை எழுதி என் முன்னால் பிடித்தார். கையொப்பம் வைக்க முடியாவிட்டால் பெருவிரல் அடையாளம் போதும் என்றார். முடியும் என்று சொல்லிப் பேனையை வாங்கி ஒழுங்காகக் கையொப்பம் வைத்தேன். அந்தக் கையைப் பேனை பிடிக்கப் பழக்கியவள் பத்தடி தூரத்தில் நின்றாள். அவளிடமும் கேட்டார்கள். தான்தான் தூக்கியதாகச் சொன்னாள். நான் கேட்டதாக ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

அந்த மாதத்தோடு அவளை நிறுத்தினார்கள். மற்ற இருவரையும் நிறுத்தினார்கள். அரைகுறைப் படிப்பு ஆபத்து என்று தாங்கள் முதலிலேயே சொன்னதாகத் தாதிமார் பேசிக்கொண்டார்கள். மிஸ் பழையபடி வாட்டிலிருந்து வாட்டுக்கு ஓடினார். எனக்கு ஐந்து நிமிடம், சில நாள் அதுவும் இல்லை. பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குப் பக்கவாதம். புஷ்பராணி விரித்து விரித்துப் பழக்கிய அவளுடைய வலது கை மெல்ல மெல்ல மூடி, நான் வீட்டுக்குப் போகும்போது முட்டியாய் இறுகிவிட்டது. அதைத் திறக்க அவள் இடது கையால் இழுத்துக்கொண்டே இருப்பாள். என்ன நடந்ததென்று அவளுக்குத் தெரியும்; அந்தக் கட்டிலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டவள். என்னிடம் ஒருநாளும் எதுவும் சொல்லவில்லை.

வீட்டில் இன்னும் ஏழு மாதம் படுக்கை. வசந்தி தூக்கினாள், கழுவினாள், திட்டினாள், சிரிக்க வைத்தாள். குகன் கட்டிலுக்கு மேலே கயிறு கட்டி, பிடித்து எழும்ப வழி செய்தான். இரண்டாம் வருடம் தடியோடு நடந்தேன். நடக்க நடக்க மனம் பாரமாகிக்கொண்டு போனது. கடைசியில் மூன்றாம் வருடம் ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினேன். உங்கள் ஆஸ்பத்திரியில் சிற்றூழியராக இருந்த புஷ்பராணி என்னும் பெண் என் வற்புறுத்தலால்தான் அப்படிச் செய்தார், குற்றம் என்னுடையது, அவரைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று எழுதினேன். எழுதிவிட்டு அன்று நன்றாகச் சாப்பிட்டேன். நேரே போய் அவளைப் பார்க்கத் துணிவில்லை. நல்ல பதிலோடு போகலாம் என்று நினைத்தேன்.

பதில் வந்தது. நான் குறிப்பிட்ட காலத்தில் அந்தப் பெயரில் சிற்றூழியர் எவரும் கடமையாற்றவில்லை என்று இரண்டு வரி.

புஷ்பராணி பல்லேகலவில் ஆடைத் தொழிற்சாலையில் இருக்கிறாள் என்று வாட்டில் இருந்த பழைய தாதி ஒருத்தி சொல்லியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குகன் கூட்டிப்போனான். அவன் ரோட்டிலேயே நின்றுவிட்டான். நான்கு பெண்கள் சேர்ந்து இருந்த அறை. துணி துவைத்துக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துவிட்டு எழுந்தாள். மெலிந்திருந்தாள். முதலில் என் காலைத்தான் பார்த்தாள். இடது பக்கம் சாய்ந்து நடக்கிறீங்க என்றாள்.

நான் மன்னிப்புக் கேட்டேன். வழி முழுக்க மனதில் கட்டிக்கொண்டு வந்த பேச்செல்லாம் மறந்துபோய், இரண்டு வரியில் முடிந்துவிட்டது. பிறகு கடிதத்தைக் கொடுத்தேன். சிங்களத்தில் இருந்ததை நின்றபடியே வாசித்தாள். இன்னொரு தரம் வாசித்தாள்.

"நான் சிற்றூழியர் இல்ல டீச்சர்," என்றாள்.

எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஆஸ்பத்திரியில் சிற்றூழியர் பெயர் இடாப்பைப் புரட்டியிருப்பார்கள். அதில் அவள் பெயர் எப்படி இருக்கும்? காலையும் மாலையும் கிழமைக்கணக்காய் என்னைத் தொட்டு வேலை செய்தவளின் பதவி என்னவென்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

என்னவென்று எழுத வேண்டும் என்று கேட்டேன். "இயன்மருத்துவ உதவியாளர்," என்றாள் நிதானமாக. "நியமனக் கடிதத்துல அப்படித்தான் இருந்திச்சு. அம்மா அதைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தாங்க. நிப்பாட்டின பெறகு நான்தான் கழட்டினேன்."

கோபமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாத கேள்வி.

"இல்லன்னு சொல்லமாட்டேன். அன்னிக்கு நீங்க சொல்லுவீங்கன்னு எதிர்பாத்துக்கிட்டே நின்னேன்."

தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

அன்றே இரண்டாவது கடிதம் எழுதினேன். பதவியைச் சரியாக எழுதினேன். இந்தத் தடவை கோப்பைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பதில் நீளமாகவும் மரியாதையாகவும் இருந்தது. அந்தப் பதவி இப்போது இல்லை. சம்பவம் பற்றிய என் வாக்குமூலம் என் கையொப்பத்தோடு கோப்பில் இருக்கிறது. அதில் நினைவில்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறேன். மூன்று வருடத்துக்குப் பிறகு நினைவு வந்ததாகச் சொல்வதை ஆதாரமாக எடுக்க முடியாது.

எனக்கு நினைவு அன்றைக்கும் இருந்தது.